ஊழியனும் உக்கிராணக்காரனும்

கிறிஸ்துவின் சீடன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்பதைக் கூறவந்த புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இரண்டு உவமைகளை அடிக்கடி எடுத்தாளுகின்றனர். ஒன்று வேலைக்காரன், மற்றது வீட்டுப் பண்டங்களுக்குப் பொறுப்பானவன். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முன்னவன் ஊழியக்காரன் என்றும், பின்னவன் உக்கிராணக்காரன் என்றும் அழைக்கப்பட்டனர். உக்கிராணம் என்பது பண்டசாலை. அரண்மனையிலும் மடத்திலும் கோயிலிலும் அரிசி, பருப்பு, நெய், எண்ணெய் முதலியவற்றைச் சேமித்து வைக்கும் அறை அது. அதன் திறவுகோலை இடையிற் செருகிக்கொண்டு நிற்பவனே உக்கிராணக்காரன்.

அவனுடைய நிலை விந்தையானது. அறையிலுள்ள ஒருபடி அரிசியேனும் அவனுக்கு உரியதன்று. ஆயினும் அவ்வீட்டில் உள்ளோர் உண்பதும் பட்டினி கிடப்பதும் அவன் கையிலேயே தங்கியிருக்கின்றன. அவன் தனக்கென்று பதுக்கினால் கள்வன்; வீணே இறைத்தால் ஊதாரி; பூட்டி வைத்துக்கொண்டு காவல் மட்டுஞ் செய்தால், அவனும் குற்றவாளியே. ஒப்படைக்கப்பட்ட தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்தவனைப் பற்றி இயேசுநாதர் கூறிய கதை இதனையே உணர்த்துகிறது. அவன் ஒன்றையும் திருடவில்லை, ஒன்றையும் தொலைக்கவுமில்லை. ஆயினும் கணக்குக் கேட்ட நாளில் அவனே கடுமையாகக் கண்டிக்கப்பட்டான்.

தமிழருக்கு இக்கருத்துப் புதியதன்று. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரத்தையும், ஒப்புரவறிதல் என்று மற்றோர் அதிகாரத்தையும் இல்லறவியலிலேயே வைத்தார். பெற்றதை மறவாமை ஒன்று. பெற்றதைப் பிறருக்குப் பயன்படுத்துதல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே சேருமிடத்திலேதான் கிறிஸ்தவ சீடத்துவமும் தொடங்குகிறது. நன்றியுணர்வு இல்லாதவன் செய்யும் உதவி, காலப்போக்கில் அதிகாரமாக மாறிவிடும். உதவியிற் சென்று முடியாத நன்றியுணர்வோ, வாய்ச்சொல்லாக நின்றுவிடும்.

இவ்வாறு பொதுப்படக் கூறுதல் எளிது. ஒரு மனிதனுடைய வாழ்விலே, ஒரு குறிப்பிட்ட ஊரிலே, துன்பம் நேர்ந்த ஒரு காலத்திலே அது எவ்வாறு விளங்கிற்று என்று காண்பதே பயனுடையது. அதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கண்டி மாநகரின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு.

கண்டியிலிருந்து வடக்கே மாத்தளையை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்தால் வருவது அலவத்துகொட. பிங்கா ஓயாவின் பள்ளத்தாக்கை ஒட்டி, மிளகும் கராம்பும் சாதிக்காயும் செழித்த வீட்டுத் தோட்டங்களின் நடுவே அமைந்த சிறு நகரம் அது. விகாரையின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கோசையும் கேட்கும் நிலப்பரப்பு. சிங்களரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடைத்தெருவிற் கூடிப் பொருள் வாங்கிச் செல்லும் இடம். அவ்வழியே செல்லும் தெரு யாழ்ப்பாணம் வரை நீள்கிறது. மலைநாட்டிற்கும் வட புலத்திற்கும் இடையே மனிதரும் பொருளும் சமயமும் மொழியும் நடந்து சென்ற திசை இதுவே. இத்திசையின் இரு முனைகளையும் தம் வாழ்நாளில் இணைத்த ஒருவரைப் பற்றியே முதலிற் கூறவேண்டும். அவர் புனித யோசப் வாஸ் அடிகளார்.

யோசப் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி பேசும் அந்தணர் குலத்துக் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. கல்வியும் குலப்பெருமையும் குருத்துவப் பட்டமும் வாய்த்திருந்தமையால், கோவாவிலேயே மதிப்புடன் வாழ்ந்திருத்தல் அவருக்குக் கூடும். ஆனால் 1677ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் அவர் ஒரு பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார். அஃது ஓர் அடிமைச்சீட்டு. தம்மை மரியன்னையின் நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்து அவர் எழுதிய சீட்டு அது. மனிதரை விலைக்கு வாங்குவதும் விற்பதும் நாள்தோறும் நிகழ்ந்த காலத்திலே, உயர்குலத்திற் பிறந்த ஒருவர் தாமே விரும்பி அடிமை என்னும் பெயரை ஏற்றுக்கொண்டார் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில், பின்னர் அவர் செய்தவை யாவும் அந்தச் சீட்டின் நிறைவேற்றமாகவே அமைந்தன.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமானது முதல் கத்தோலிக்கக் குருமார் இந்நாட்டில் இருத்தல் தடுக்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மேய்ப்பர் இன்றித் தவித்த மக்களைப் பற்றிக் கேள்வியுற்ற வாஸ் அடிகளார், தூத்துக்குடியில் தமிழ் பயின்று, தமக்குத் துணையாயிருந்த யோவான் என்னும் இளைஞருடன் 1687இல் இலங்கைக்குக் கடல் கடந்து வந்தார். குருவின் அங்கியுடன் அல்ல. இரந்துண்ணும் ஏழைக் கூலியாளின் வேடத்திலேயே வந்தார். வேடமென்று கூறினாலும், யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அது வேடமாக இருக்கவில்லை. பயணத்திலே பற்றிய கடும் வயிற்றுளைச்சலால் அவர் நடக்கவும் இயலாது கிடந்தார். ஊருக்குப் புறம்பே வீழ்ந்துகிடந்த அவருக்கும் அவர் துணைவருக்கும் பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து ஊற்றி உயிர் காத்தாள் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். அவளுடைய பெயர் வரலாற்றில் இல்லை. இந்நாட்டுக்கு ஊழியஞ் செய்ய வந்தவர் முதலில் இந்நாட்டவரின் ஊழியத்தைப் பெற்றார். கொடுக்க வந்தவர் கையேந்தி வாங்கினார்.

இதனைச் சிறு நிகழ்ச்சி என்று தள்ளிவிடலாகாது. பிறருக்கு உதவுவோரிடத்து எளிதிற் புகக்கூடிய நோய் ஒன்றுண்டு. தாம் மேலே நிற்பதாகவும், உதவி பெறுவோர் கீழே நிற்பதாகவும் எண்ணும் நோய் அது. ஒரு கோப்பை கஞ்சிக்குக் கடன்பட்டவருக்கு அந்நோய் எளிதில் வருவதில்லை. பின்னாளிலே கண்டியில் அவர் நோயாளருக்குக் கஞ்சி ஊட்டியபோது, தாம் பெற்ற கஞ்சியைத் திருப்பிக் கொடுப்பவராகவே இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் சில்லாலை என்னும் ஊரைத் தமக்கு இருப்பிடமாகக் கொண்டு இரவிலே வழிபாடு நடத்திவந்த அடிகளார், ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபின் புத்தளத்துக்குச் சென்றார். புத்தளம் அந்நாளில் கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அங்கிருந்து 1692இல் அவர் கண்டியை அடைந்தார். ஆனால் அவரை வரவேற்றது சிறைச்சாலையே. போர்த்துக்கேயரின் உளவாளி அவர் என்று அரசவையிற் கோள் கூறப்பட்டது. சிறையிலிருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. அங்கேயே சிங்கள மொழியைக் கற்றார். ஐயம் நீங்கியபின், அக்காலத்து அரசனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை விடுவித்து, தன் நாட்டிற் சமயப்பணி செய்யவும் இசைவளித்தான்.

ஈண்டு ஓர் உண்மையைக் குறிப்பிடுதல் கடமை. கரையோரத்தில் கிறிஸ்தவ அரசாங்கம் ஒன்று கிறிஸ்தவக் குருவைத் துரத்திற்று. மலைநாட்டிலோ பௌத்த அரசன் ஒருவன் அவருக்கு அடைக்கலம் கொடுத்தான். முன்னரும் போர்த்துக்கேய வழிவந்த கத்தோலிக்கர் மாத்தளைப் பிரதேசத்து வாகக்கோட்டை போன்ற ஊர்களில் கண்டி அரசரின் நிழலிலேயே வாழ்ந்துவந்தனர். ஆகவே இலங்கைக் கத்தோலிக்கர் தங்கள் சமயம் நிலைத்தமைக்காக நன்றி கூறவேண்டியவர்களுள் பௌத்த அரசனும் ஒருவன். வாஸ் அடிகளார் அக்கடனை எவ்வாறு செலுத்தினார் என்பதை 1697ஆம் ஆண்டு காட்டிற்று.

அவ்வாண்டு கண்டி நகரத்திற் பெரியம்மை பரவியது. வைசூரி என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் அதுவே. அதற்குத் தடுப்பூசி கண்டறியப்பட்டது 1796இல். இலங்கைக்கு அது வந்தது 1802இல். உலகினின்றும் அந்நோய் முற்றாக ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது 1980இல். 1697இலோ, அதற்கு மருந்தும் இல்லை, காப்பும் இல்லை. உடல் முழுதும் கொப்புளங்கள் எழும், காய்ச்சல் எரிக்கும், பிழைத்தவருள்ளும் சிலர் கண்பார்வையை இழப்பர். பற்றியவர் பத்துப் பேரில் மூவர் அளவில் இறந்துபடுவது இந்நோயின் இயல்பு. நோயாளரைத் தொட்டவருக்கும், அவர் கிடந்த துணியைத் தொட்டவருக்கும் அது பரவும். ஆதலின், எந்த நாட்டிலும் மக்கள் அதைக் கண்டு ஓடினர். ஓடியவரைக் குறைகூறுவதற்கில்லை. பிள்ளைகளைக் காக்கவேண்டிய தாய்தந்தையர் வேறென் செய்வர்? கண்டியிலும் அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். உறவினரே நோயாளரைக் காட்டோரங்களில் விட்டுச் சென்றனர் என்று அவ்வரலாறு கூறுகிறது.

வாஸ் அடிகளார் அகலவில்லை. அவருடைய மருமகனும் அவரைப் போன்றே குருவுமாகிய யோசப் கர்வாலோ அடிகளாரும் அவருடன் தங்கினார். மக்கள் விட்டுச்சென்ற வெறுவீடுகளை இருவரும் நோயாளர் தங்கும் இடங்களாக்கினர். காட்டோரத்திற் கிடந்தவரை எடுத்துவந்து குடிசைகளிற் கிடத்தினர். கஞ்சி காய்ச்சினர், தண்ணீர் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தவருக்குக் குழிதோண்டி அடக்கஞ் செய்தனர். நோயாளர் கிறிஸ்தவரா, பௌத்தரா, சைவரா என்று பார்க்கவில்லை. ஒருநாள் இருநாள் செய்த வேலையன்று இது. நோய் தணியும்வரை மாதக்கணக்காகச் செய்தனர். அவர்கள் இல்லையாயின் நகரின் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று அரசன் வியந்ததாக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

இங்கே சிறிது நின்று சிந்திக்க வேண்டும். அடிகளாருக்கு உயிர்மேல் ஆசை இல்லாதிருக்கலாம். ஆனால் அவர் உயிர் அவருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. இலங்கைத் தீவு முழுவதிலும் கத்தோலிக்கருக்கு இருந்த குருமார் அந்நாளில் ஒரு கைவிரலால் எண்ணத்தக்கவரே. பல ஆண்டுகள் அவர் ஒருவரே இருந்தார். துணைக்குக் கோவாவிலிருந்து வேறு குருமார் வந்து நெடுநாள் ஆகவில்லை. அவரும் கர்வாலோவும் அம்மையில் மாண்டிருந்தால், அவ்வளவு பாடுபட்டு மீட்டெடுத்த மக்கள் மீண்டும் மேய்ப்பரின்றிப் போயிருப்பர். உக்கிராணக்காரன் என்ற முறையிலே, தம் உயிரைச் சேமித்து வைத்தலே அறிவுடைமை என்று அவர் வாதிட்டிருக்கலாம். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. பொறுப்பிலுள்ளோர் பலர் இடர்வந்த காலத்தில் அந்த நியாயத்தையே கூறி ஒதுங்குகின்றனர்.

ஆனால் அடிகளார் தம் உயிரைப் புதைத்து வைக்கவேண்டிய தாலந்தாகக் கருதவில்லை. வாசலில் ஒருவன் பசித்து விழுந்து கிடக்கும்போது, நாளைக்கு வேண்டும் என்று உக்கிராணத்தைப் பூட்டிவைப்பவன் உண்மையான உக்கிராணக்காரன் அல்லன் என்பது அவர் கண்ட தெளிவு. ஊழியமும் உக்கிராணத்துவமும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் வேளையில், ஊழியமே மற்றதற்குப் பொருள் தருகிறது. எதற்காகச் சேமித்தோமோ, அது வாசலில் வந்து நிற்கும்போது திறவுகோலைத் திருப்புவதே சேமிப்பின் நிறைவு.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சமயத்தார் செய்யும் தொண்டு, ஆட்களைத் தம் பக்கம் இழுப்பதற்குரிய தூண்டில் என்னும் ஐயம் இந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. சில இடங்களில் அவ்வையத்துக்குக் காரணமும் உண்டு. 1697இன் தொண்டு அதற்குத் தக்க விடை. மரணப்படுக்கையிற் கிடந்தவரிடம் கைம்மாறாக எதைப் பெறக்கூடும்? பெயர் தெரியாத ஒருவருக்குக் குழிதோண்டுவதால் கிடைக்கும் ஆதாயம் யாது? திருப்பிக் கொடுக்க இயலாதவருக்குச் செய்வதே தொண்டு என்பதற்கு அந்தக் குழிகளே சாட்சி. இயேசுநாதர் தம் கடைசி இரவிலே துவாலையைக் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவியபோது, அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிறவனின் கால்களும் அவற்றுள் இருந்தன.

அடிகளாரின் தொண்டு ஊரறிந்தபின், உயர்ந்த பதவியும் அவரைத் தேடிவந்தது. திருத்தந்தையின் தூதராக இந்தியாவுக்கு வந்த தூர்னோன் என்பவர் அவரை ஆயராக்க விரும்பினார். அடிகளார் அதனை ஏற்கவில்லை. எளிய குருவாகவே இருக்க விரும்பினார். இந்த இடத்தில் கண்டித் திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவரிலே 1928இல் ஓவியர் டேவிட் பெயின்ரர் தீட்டிய சித்திரம் நினைவுக்கு வருதல் இயல்பு. செபதேயுவின் மனைவி தன் மக்கள் இருவரையும் அழைத்துவந்து, அவர்களுக்கு இராச்சியத்தில் வலப்புறமும் இடப்புறமும் ஆசனம் கேட்கும் காட்சியே அது. எந்தத் தாய்தான் தன் பிள்ளைக்கு உயர்ந்த ஆசனம் கேளாள்? ஆனால் அவளுக்குக் கிடைத்த விடை ஆசனம் அன்று, கிண்ணம். தாம் பருகப்போகும் துன்பத்தின் கிண்ணத்தை அவர்களாற் பருக இயலுமா என்ற வினாவே விடையாக வந்தது. பெரியவனாக விரும்புகிறவன் மற்றவருக்குப் பணியாளனாகட்டும் என்று அவ்விடத்திலேயே இயேசுநாதர் கற்பித்தார். வேதநிகழ்ச்சிகளை இந்நாட்டு மக்களின் சாயலிலும் இந்நாட்டு மரஞ்செடிகளின் சூழலிலும் தீட்டியவர் பெயின்ரர். ஆகவே அக்காட்சி எங்கோ யூதேயாவில் நிகழ்ந்ததாகத் தோன்றாமல், மகாவலி கங்கைக் கரையில் நிகழ்ந்ததாகவே தோன்றும்.

அடிகளார் தாம் பெற்றதைத் தம்மோடு முடியவிடவில்லை என்பதும் உக்கிராணத்துவத்தின் ஒரு பகுதி. அவருக்குப் பின் பணிசெய்தோர் யாவரும் கோவாவிலிருந்து வந்த இந்தியக் குருமாரே. அவர்களுள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் இலங்கை வந்து, சிங்களத்தையும் தமிழையும் ஆழக் கற்று, இரு மொழிகளிலும் பல நூல்களை இயற்றினார். தமிழ் உரைநடையின் வரலாற்றில் அவர் பெயருக்கு இடமுண்டு. வாஸ் அடிகளார் சிறையிற் கற்ற மொழி, அவர் வழிவந்தவரின் கையில் இலக்கியமாக மலர்ந்தது.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியில் உயிர்நீத்தார். அவர் அடக்கஞ் செய்யப்பட்ட கோயில் பின்னாளில் அழிந்தது. அவருடைய கல்லறை எதுவென்று இன்றுவரை கண்டறியப்படவில்லை. 1995இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2015 சனவரி 14ஆம் நாள் அதே இடத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பிறர் பிணங்களுக்குக் குழிதோண்டியவருக்குத் தமக்கென்று அறியப்பட்ட ஒரு குழியும் நிலைக்கவில்லை. அதனை அவர் குறையாக எண்ணியிருப்பார் என்று தோன்றவில்லை.

அடிகளார் மறைந்து நூறாண்டுகளுக்கு மேற்சென்றபின், வடக்கே செல்லும் அப்பெருந்தெரு வேறொரு கூட்டத்தாரைக் கண்டது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையும் மாத்தளையும் கடந்து கண்டிச் சீமையை அடைந்தனர். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல்; மாத்தளைக்கு வந்தது 1880இல். அதற்கு முன் அவர்களுக்குக் கால்களே வண்டி. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் அவ்வழியில் வீழ்ந்தோர் மிகப் பலர். இன்று அலவத்துகொடவைக் கடந்து பேருந்தில் விரைவோர், அத்தெருவின் ஓரத்தில் எத்தனை பெயரற்ற குழிகள் மண்ணோடு மண்ணாயின என்பதை அறியார்.

அந்த மக்களிடையே 1850களில் திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார் சிலர் வந்து பணியைத் தொடங்கினர். தோட்டத் துரைமார் சிலரும் பொருளுதவி செய்தனர். கூலி என்னும் சொல்லையே தன் பெயரிலும் கொண்டிருந்த அந்தத் தமிழ்க் கூலி மிஷன், சபைகளையும் தோட்டப் பள்ளிகளையும் அமைத்தது. துரைமார் பணம் கொடுத்ததில் கலந்திருந்த நோக்கங்கள் யாவும் தூயவை என்று கூறுதல் உண்மையாகாது. அமைதியான தொழிலாளி தோட்டத்துக்கு ஆதாயம் என்னும் எண்ணமும் அதில் இருந்திருக்கக்கூடும். ஆனால் மலையேறி இறங்கி, இரவிலே லயத்துக்கு லயம் சென்று, விளக்கொளியிற் பிள்ளைக்கு அகரம் காட்டிய உபதேசியார் அந்த மக்களின் மொழியைப் பேசியவர். அவர்கள் நடந்த வழியே நடந்து வந்தவர். பணத்தை அனுப்புவது ஒன்று. தானே செல்வது வேறொன்று. இரண்டும் தேவை. ஆனால் சீடனுக்குரிய அடையாளம் இரண்டாவதிலேதான் தெளிவாகப் புலப்படும்.

இந்த நடைவழி இருபதாம் நூற்றாண்டிலும் நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால், தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் எந்நாட்டுக் குடிமக்களும் அல்லர் என்னும் நிலைக்கு ஆளாயினர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது. இந்நிலையிலே இயேசு சபைக் குருவாகிய பால் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் அங்கே ஒருங்கிருந்து உழைத்தனர். தோட்டத் தமிழரின் உரிமையையும், அவர்களுக்கு அயலிலுள்ள சிங்களக் கிராமத்தாரின் வறுமையையும் ஒன்றாக வைத்தே அவர் நோக்கினார். 2017இல் அவர் மறையும்வரை அவ்வழியை விட்டு விலகவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அது பலருடைய நெடுநாளைய உழைப்பின் பயன். அவ்வுழைப்பில் இத்தகையோருக்கும் பங்குண்டு.

வாஸ் அடிகளார் புண்ணைக் கழுவினார். உபதேசியார் எழுத்தைக் காட்டினார். கஸ்பர்ஸ் அடிகளார் உரிமைக்காக வாதாடினார். காலத்துக்கேற்பத் தொண்டின் உருவம் மாறியது. மூன்றிலும் மாறாதது ஒன்றுண்டு. மூவகையினரும் தம்மிடம் இருந்ததைத் தமதென்று கருதவில்லை. அதனை எடுத்துக்கொண்டு தாமே நேரிற் சென்றனர்.

நேயர்களே, இவர்களைப் புகழ்ந்துவிட்டு அமைதல் எளிது. ஆனால் இவர்களுடைய வாழ்வு கேட்கும் வினா வீட்டு வாசலிலேயே நிற்கிறது. மலைநாட்டில் வாழும் ஒவ்வொருவரும் உக்கிராணக்காரரே. ஆசிரியரிடத்துக் கல்வி என்னும் பண்டசாலை உண்டு. வைத்தியரிடத்து மருந்து உண்டு. வணிகரிடத்து நிறைகோல் உண்டு. அரசாங்க அலுவலரிடத்துக் கையொப்பம் உண்டு. அந்தக் கையொப்பத்துக்காக மலைத்தோட்டத்திலிருந்து ஒரு நாட் சம்பளத்தை இழந்து வந்த முதியவள் வாங்கில் காத்திருக்கிறாள். மதியம் கழிந்து வரச்சொல்லி அவளைத் திருப்பி அனுப்புவதற்கும் உக்கிராணத்தைப் பூட்டி வைப்பதற்கும் வேறுபாடு யாது? அவள் கொய்த தேயிலையே இந்நாட்டின் பள்ளிகளையும் மருத்துவச்சாலைகளையும் அலுவலகங்களையும் கட்ட உதவிற்று. அவளுக்குச் செய்யப்படுவது தருமம் அன்று. கடனைத் திருப்பிக் கொடுத்தலே ஆகும்.

செய்ந்நன்றியறிதல் என்பது, தான் உண்ணும் சோற்றில் யாருடைய கை பட்டிருக்கிறது என்று அறிதல். அதனை உண்மையாக அறிந்தவன், தாழ்ந்த வேலை என்று எதையும் ஒதுக்கமாட்டான். தன்னுடையது என்று எதையும் இறுகப் பற்றவும் மாட்டான். அவனுக்குப் பணிவு ஒரு பாவனையாக இராது. தன் கணக்கைச் சரியாகப் படித்தவனுடைய இயல்பாகவே இருக்கும்.

சமயம் எதுவாயினும், இவ்வுண்மை அனைவருக்கும் பொதுவானது. கிறிஸ்தவர் அதனைச் சீடத்துவம் என்பர். வேறொருவர் அதனை வேறொரு பெயரால் அழைக்கக்கூடும். பெயர் எதுவாயினும், கணக்குக் கேட்கப்படும் நாள் ஒன்று உண்டு. அந்நாளிலே, எவ்வளவு சேர்த்தாய் என்பது வினாவாக இராது. வாசலில் விழுந்து கிடந்தவனுக்கு எதைத் திறந்தாய் என்பதே வினாவாகும். யாழ்ப்பாணத்தில் கஞ்சி ஊற்றிய அந்தப் பெயரறியாப் பெண் அதற்கு விடையளித்துவிட்டாள். 1697இல் கண்டியில் தங்கிய இரு குருமாரும் விடையளித்துவிட்டனர். எஞ்சிய விடைகளை இன்று வாழ்வோரே எழுதவேண்டும்.